நானூறு மீற்றர் அண்ணை

ஒக்ரோபர் பிறந்தால் தெற்கு ஒன்ராறியோவில் எல்லாரும் காட்டுக்குப் போவது இலை பார்க்க. நானூறு மீற்றர் அண்ணை போவது பெயின்ற் பார்க்க.

மரத்தில் ஆறு அங்குல உயரம், இரண்டு அங்குல அகலத்தில் பூசிய வெள்ளைக் கோடு. நயாகரா ஆற்றுக்கு மேலே குயீன்ஸ்ரன் குன்றில் தொடங்கி, வடக்கே ஜோர்ஜியன் விரிகுடாவின் வாயில் இருக்கிற ரொபர்மொரி வரைக்கும், செங்குத்துப் பாறையின் விளிம்போடு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடுகிற புரூஸ் ட்ரெயிலுக்கு அந்தக் கோடுதான் அடையாளம். ஒரு கோடு கண்டால் நேரே நடக்கவேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்டால் திரும்பவேண்டும். மேல்கோடு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம். நீலக் கோடு என்றால் கிளைப்பாதை. அது பெரும்பாலும் ஓர் அருவிக்கோ நல்ல காட்சிக்கோ கூட்டிப்போகும். ஆகவே அண்ணைக்கு நீலத்தில் நாட்டமில்லை.

பெயின்ற் பார்க்கிற இந்த வகையறாவுக்கு இனம், மொழி கிடையாது. எந்த நடைக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். எங்கள் குழுவிலேயே ஒரு டச்சுக்காரப் பல்வைத்தியர் அந்தப் பதவியில் இருந்தார். அண்ணை வந்த பிறகு தானாக இறங்கிக்கொண்டார். இவர்களைத் தூரத்திலேயே பிடித்துவிடலாம். கழுத்தில் பிளாஸ்ரிக் உறைக்குள் வரைபடம், ஒரு கையில் ஜிபிஎஸ், மறுகையில் போன். இரண்டும் இரண்டு தூரம் காட்டுகிற கவலை முகத்தில்.

அண்ணை ஸ்காபரோவாசி. ஒரு தொழிற்சாலையில் சரக்கு இருப்புக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டாராம். ஓய்வுக்குப் பிறகு குடும்ப வைத்தியர் சீனி கூடிவிட்டது, நடக்கவேண்டும் என்றார். முதலில் மற்ற ஓய்வுபெற்றவர்களோடு காலையில் மோலுக்குள் நடந்தார். கடைகள் திறக்கு முன்னர் பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு வட்டமாக நடப்பதில் அவருக்கு ஒரு குறை: எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நன்றி நவிலல் வார இறுதியில், பழைய வேலைத் தோழர் ஒருவர் மில்ரனுக்குப் பக்கத்தில் இருக்கிற ராட்டில்ஸ்நேக் பொயின்ற்றுக்குக் கூப்பிட்டார். “பாம்பின்ரை பேர் வைச்ச இடத்துக்கு ஆரும் காசு குடுத்துப் போவினமோ?” என்று அண்ணையின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கேட்டார். அண்ணை போனார். மேப்பிள்கள் எரிந்துகொண்டிருந்தன, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் சிவப்பும். அண்ணை பார்த்தது எதிரே வந்த ஓர் அம்மையாரின் முதுகுப்பையை. அதில் ஒன்பது துணிச்சின்னங்கள் வரிசையாகத் தைத்திருந்தன.

புரூஸ் ட்ரெயிலை ஒன்பது சங்கங்கள் பகுதி பகுதியாகப் பராமரிக்கின்றன. ஒவ்வொன்றின் பகுதியையும் முழுக்க நடந்தால் ஒரு சின்னம். 900 கிலோமீற்றரையும் முடித்தால் ஒரு சான்றிதழ், அதில் ஓர் இலக்கம். யாரும் புதருக்குள் ஒளிந்திருந்து எண்ணுவதில்லை. என்றைக்கு எங்கிருந்து எங்கே நடந்தேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது, அவர்கள் நம்ப வேண்டியது, அவ்வளவுதான். கள்ளம் செய்ய இவ்வளவு வசதியான ஏற்பாடு கணக்கு எழுதிய மனிதரின் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? தன்னையே கணக்காய்வு செய்யத் தொடங்கிவிடுவார்.

இலையுதிர் காலத்துக் குழு நடை என்பது காலை எட்டு மணிக்கு ஒரு ரிம் ஹோட்டன்ஸ் தரிப்பிடத்தில் தொடங்கும். கோப்பி, கழிப்பறை வரிசை, பிறகு காலொடிந்தால் குழு பொறுப்பில்லை என்ற தாளில் கையொப்பம். அண்ணை ஒவ்வொரு முறையும் அதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் போடுவார். பின் கார்களை நடை முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறித் தொடங்குகிற இடத்துக்குப் போகவேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்த இருக்கையில் அறுபது வயது முழங்கால்கள் நாடியைத் தொட்டுக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அண்ணை மீன் ரோல்ஸ் பெட்டியைத் திறப்பார். இது அவருடைய ஒரே அரசியல். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பாணையும் உலர்ந்த முந்திரிகையையும் கொண்டு வந்திருக்கிற கூட்டம், மார்க்கம் கடையில் அன்று விடிய வாங்கிய ரோல்ஸைக் கண்டதும் எந்தக் கோரிக்கைக்கும் இணங்கிவிடும். நடு வழியில் “அந்த மூலைக்குத் திரும்பிப் போய் வரவேணும்” என்று அவர் கேட்கும்போது குழுத் தலைவியால் மறுக்க முடியாமல் போவதன் காரணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

குழுவுக்கு விதி இரண்டே இரண்டு. முன்னால் போகிற தலைவியை யாரும் முந்தக்கூடாது. பின்னால் வருகிற கடைசியாளுக்கு யாரும் பிந்தக்கூடாது. எங்கள் கடைசியாள் ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி. படமெடுக்க நிற்பவர்கள், சப்பாத்துக் கட்டுபவர்கள், மரத்துக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரையும் சேர்த்து மேய்த்துக்கொண்டு வருவாள். இந்த இரண்டு விதிக்கும் நடுவில் பதினைந்து பேர் அடங்கிவிடுவார்கள். அண்ணை அடங்கமாட்டார். பஸ்ஸால் இறங்கியதும் எல்லாரும் காட்டுக்குள் நுழைய, அவர் மட்டும் எதிர்த்திசையில் வீதியைக் கடந்து அந்தப் பக்கத்துக் கம்பத்தைத் தொட்டுவிட்டு ஓடி வருவார்.

“போன முறை நாங்கள் வீதிக்கு அங்காலைப் பக்கம்தானே நிப்பாட்டினது? இண்டைக்கு இஞ்சாலைப் பக்கமிருந்து துவங்கினால், நடுவிலை இருக்கிற ஏழு மீற்றரை ஆர் நடக்கிறது?”

இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. ரோல்ஸ் வாய்க்குள் இருந்ததும் ஒரு காரணம்.

திசையும் முக்கியம். வரைபடங்கள் தெற்கிலிருந்து வடக்காக எண்ணிடப்பட்டிருக்கின்றன; ஆகவே தெற்கிலிருந்து வடக்காகத்தான் நடக்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். குழு இல்லாத நாட்களில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார். அவரைத் தெற்கு முனையில் இறக்கிவிட்டு, அக்கா காரை வடக்கு முனைக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து தெற்கு நோக்கி நடந்து வருவார். நடுவில் சந்தித்துத் திறப்பைக் கைமாற்றிக்கொள்வார்கள். பிறகு அண்ணை வடக்கே போய்க் காரை எடுத்துக்கொண்டு, தெற்கு முனைக்கு வந்து சேர்ந்திருக்கிற அக்காவை ஏற்றிக்கொள்வார். பல்வைத்தியர் ஒருநாள் அக்காவிடம், அப்படியென்றால் நீங்களும் எவ்வளவு தூரம் முடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். “நான் திறப்புக் குடுக்கத்தான் போறனான்” என்றார் அக்கா. தலைகீழாக நடப்பது கணக்கில் சேராது என்று அண்ணையும் ஆமோதித்தார்.

குயீன்ஸ்ரன் குன்றில் பாதை தொடங்குகிற கற்கூம்புக்குப் பக்கத்தில்தான் ஜெனரல் ஐசாக் புரொக்கின் பெரிய நினைவுத்தூண் நிற்கிறது. 1812 ஒக்ரோபர் 13ஆம் திகதி, அமெரிக்கர்களிடமிருந்து குன்றைத் திருப்பிப் பிடிக்கச் சரிவில் ஏறும்போது குண்டுபட்டு இறந்தவர். பொதுவாக அந்த இடத்தில் மக்கள் சற்றுத் தலைகுனிந்து நிற்பார்கள். அண்ணையும் நின்றார். “நடக்க நல்ல காலத்திலைதான் வெளிக்கிட்டிருக்கிறார். பாவம், முதலாவது கிலோமீற்றரைக்கூட முடிக்கேல்லை” என்றார்.

இதையெல்லாம் கேட்டு இவர் ஒரு வறட்டு மனிதர் என்று முடிவு செய்தால் அது இலையுதிர் காட்டை அறியாதவர் செய்கிற முடிவு. பகல் குறுகக் குறுக மரம் இலையில் பச்சையத்தை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை வடிந்ததும் அதுவரை அடியில் இருந்த மஞ்சள் வெளியே வருகிறது. நல்ல வெயில் பகலும் குளிர் இரவும் மாறி மாறி வந்தால் மேப்பிள் சிவப்பையும் புதிதாகச் சமைத்துக்கொள்கிறது. பிறகு காம்பு மூட்டில் ஒரு தடுப்பு வளர்ந்து இலை கழன்று விழுகிறது. எங்கே விழுகிறது? பாதையில். கோடை முழுவதும் கால்கள் மிதித்து மிதித்துத் தெளிவாக்கிய தடம் ஒக்ரோபர் நடுவில் ஒரே கிழமைக்குள் காணாமல் போய்விடும். காடு முழுவதும் ஒரே கம்பளம். எல்லாப் பக்கமும் பாதையாகத் தெரியும். அந்தக் கம்பளத்துக்குக் கீழே வேர், வழுக்குக் கல், சில இடங்களில் ஆள் இறங்கக்கூடிய பாறைப் பிளவு. இந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு இரண்டு வகை மனிதர் தேவை. ஆஹா என்று மேலே பார்க்கிறவர் ஒருவர், அவர் விழாமல் வீட்டுக்குப் போக, பெயின்ற்றை மட்டும் பார்க்கிறவர் ஒருவர்.

கலிடன் குன்றுகளில் ஒருமுறை, போக்ஸ் ஒஃப் த கிரெடிற் பக்கம், தலைவியே மயங்கிவிட்டாள். மஞ்சள் வெளிச்சம் மரங்களுக்கிடையில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முன்னால் போக, பதினைந்து போன்களும் பின்னால் போயின. நின்றது அண்ணை மட்டும்.

“கோடு காணேல்லை.”

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்தக் குரலில் ஓர் அபாய ஒலி இருந்தது. எல்லாரும் நின்றோம். தலைவி, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்றாள். அண்ணை அசையவில்லை. கடைசியாகக் கண்ட கோட்டுக்குத் திரும்பு என்பது இந்தப் பாதையின் முதல் பாடம். அதை மற்றவர்கள் படித்தார்கள், இவர் பாடமாக்கினார். திரும்பி அழைத்துக்கொண்டு போய், ஒரு பீச் மரத்தில் இருந்த இரட்டைக் கோட்டைக் காட்டினார். எல்லாரும் அதைப் பார்க்காமல் கடந்து போயிருந்தோம். அதற்குப் பக்கத்து மேப்பிளைப் படமெடுத்திருந்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் கோடு இருக்கிறது.

அவர் மரங்களைப் பார்ப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. செங்குத்துப் பாறையின் முகத்தில் வளைந்து நெளிந்து தொங்குகிற வெள்ளைச் சீடர் மரங்களில் சிலவற்றுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்று குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவை மனிதர் கைபடாமல் தப்பியது குட்டையாக, கோணலாக, எட்டாத இடத்தில் நின்றதால். தலைவி இதைச் சொன்னபோது அண்ணை நீண்ட நேரம் அந்த மரத்தைப் பார்த்தார். அவர் மனம் இளகிவிட்டது என்று நினைத்தோம். “இதிலை கோடு அடிக்க ஏலாது” என்றார்.

இனி அந்த நானூறு மீற்றர்.

பீவர் பள்ளத்தாக்கில் ஒரு குழு நடை. ஓல்ட் போல்டி பாறையின் மேல் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் நிறம் கொட்டிக் கிடக்கும். அந்த வார இறுதியில் அங்கே காலூன்ற இடமில்லை. எல்லாரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம். இரவு பதினொரு மணிக்கு அண்ணையின் தொலைபேசி. பஸ் நம்மை இறக்கியது சரியான குறுக்குத்தெரு அல்ல, அதற்கு அடுத்த வாயில். நானூறு மீற்றர் விடுபட்டிருக்கிறது.

“உங்களுக்கும்தான்” என்று அவர் சேர்த்துச் சொன்னது அனுதாபமாகவா அச்சுறுத்தலாகவா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் அன்றிரவு நன்றாகத்தான் உறங்கியிருப்பார்கள். அவர் உறங்கவில்லையாம். சில கிழமைகள் கழித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காரோடிப் போனார். அதற்குள் நவம்பர் வந்துவிட்டது. பாதை தொடங்குகிற இடத்தில் ஓர் அறிவித்தல்: மான் வேட்டைக் காலம், இந்த நிலத்தின் ஊடாகப் பாதை தற்காலிகமாக மூடப்பட்டிருக்கிறது. தூரத்தில் செம்மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் துப்பாக்கியோடு நின்றார். “கெதியாப் போட்டு வந்திடுவன்” என்று அண்ணை வாய் திறக்க முன்னரே அக்கா கார்க் கதவைப் பூட்டிவிட்டார்.

பிறகு பனி. அந்தப் பக்கம் பனி என்றால் வேலிக்கம்பம் மறையும் பனி. அது உருகிச் சேறாகி, சேறு காய்ந்து, மே மாதம் அவர் மறுபடியும் போனபோது அங்கே நானூறு மீற்றர் இல்லை.

இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. ஹமில்டன் உருக்காலையில் வேலை செய்த ரே லோஸ் என்பவருக்கு இந்த விளிம்பு முழுவதும் ஒரு நடைபாதை வேண்டும் என்ற எண்ணம் வந்து, 1960இல் நாலு பேர் கூடிப் பேசினார்கள். நிலமோ ஆயிரம் பேருடைய தோட்டமும் பண்ணையும். ஆகவே வீடு வீடாகக் கதவைத் தட்டி, உங்கள் வேலியோரமாக ஒரு கோடு அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கேட்டுத்தான் பாதையை இணைத்தார்கள். 1967இல் திறந்தார்கள். இன்றைக்கும் பல இடங்களில் பத்திரம் கிடையாது. உரிமையாளர் கைகுலுக்கிச் சம்மதித்தால் பாதை. பண்ணை கைமாறி, புதியவர் கைகுலுக்க மறுத்தால் தொண்டர்கள் வந்து பழைய கோடுகளை அழித்துவிட்டு வேறு வழியாகச் சுற்றி அடிப்பார்கள். இதனால் பாதையின் மொத்த நீளமே ஒவ்வொரு வழிகாட்டிப் பதிப்பிலும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். சாதாரண மனிதருக்கு இது சுவையான தகவல். அண்ணைக்கு இது முடிவில்லாத இருப்புக் கணக்கெடுப்பு.

அந்த நானூறு மீற்றர் இப்போது யாரோ ஒருவரின் காணி. அதற்குப் பதிலாகப் புதுப்பாதை பக்கத்துக் காட்டைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகிறது. அண்ணை வேலிக்கு வெளியே நின்றார். சாம்பல் பெயின்ற்றால் அழித்த பழைய கோடு ஒன்று உள்ளே ஒரு மரத்தில் மங்கலாகத் தெரிந்தது. நடக்காத பாதை இல்லாமல் போனால் கடன் தீர்ந்ததா, அல்லது இனி ஒருபோதும் தீராதா? புதிதாக வந்ததை நடந்தால் அது பழையதற்கு ஈடாகுமா, அல்லது புதுக்கணக்கா? அன்றைக்குப் பாதை எங்கே போகிறதோ அதை நடந்தால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எல்லாரும் சொல்வதைக் கேட்கிறவர் வேலியோரம் நின்று யோசிக்கமாட்டார்.

அக்கா இறங்கி வந்து பார்த்தார். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, நான்தான் முதலில் என்று புதுப்பாதையில் நடக்கத் தொடங்கினார். அன்று முதன்முறையாகத் தெற்கிலிருந்து வடக்காக. அண்ணை பின்னால் போனார். மறுமுனையில் வீதி வந்ததும் அக்கா திரும்பிச் சொன்னார்:

“நானூறு கடன் வைச்சனீங்கள். ஆயிரத்துக்கு மேலை கட்டியிருக்கிறியள். வட்டியும் முதலும் சரி. இனி அந்தாளின்ரை வேலியைப் பார்க்காமல் வாங்கோ.”

கணக்கு மொழியில் சொன்னதால் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. குறிப்பேட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்த “பாக்கி” என்ற சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. புதிதாகக் குழுவில் சேருகிற வெள்ளைக்காரர்கள்கூட அவரை நானூறு என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். அது அவருடைய சான்றிதழ் இலக்கம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

கடைசி நடை ஒரு நன்றி நவிலல் வார இறுதிக்கு அமைந்தது. முதல்நாள் சைப்பிரஸ் ஏரிப் பக்கம் வெள்ளைப் பாறைகளும் பச்சைநீலத் தண்ணீருமாக இருந்த கரையில் எல்லாரும் நீந்தலாமா என்று கால் நனைத்துப் பார்த்துக் கூச்சலிட, அண்ணை பற்றரியை மாற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் பின்னேரம் ரொபர்மொரித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். மனிற்றூலின் தீவிலிருந்து வந்த கப்பல் அப்போதுதான் கார்களைக் கக்கிக்கொண்டிருந்தது. வடமுனைக் கற்கூம்பு அங்கே நிற்கிறது. அண்ணை அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் கைதட்டினோம். ரோல்ஸ் பெட்டி திறந்தது. தலைவி அவரைக் கட்டிப்பிடித்து, முடித்துவிட்டீர்கள் என்றாள்.

“இதின்ரை எந்தப் பக்கத்திலை முடியுது?” என்றார் அண்ணை.

தலைவிக்கு விளங்கவில்லை. கற்கூம்புக்கு முன்பக்கம், பின்பக்கம் இருக்கிறது அல்லவா, பாதை எதைத் தொட்டதும் நிற்கிறது, முன்பக்கத்தை என்றால் சரி, பின்பக்கத்தை என்றால் இன்னும் ஒரு மீற்றர் இருக்கிறதே என்று அவர் விளக்கினார். தலைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைசி வெள்ளைக் கோடு எங்கே என்று பார்த்துக்கொண்டு கூம்பை மெல்லச் சுற்றத் தொடங்கினார். முதல் சுற்றில் கோட்டைத் தேடினார். இரண்டாவது சுற்றில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார்.

பல்வைத்தியர் ஒருமுறை அண்ணை வீட்டாரோடு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்தவர். விசயம் தெரிந்தவர் என்ற முகத்தோடு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணைக்குப் பின்னால் சேர்ந்தார். அவரைக் கண்டு குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி சேர்ந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். தலைவி தன்னுடைய இடம் முன்னால் என்பதை நினைத்துக்கொண்டு ஓடிப்போய் அண்ணைக்கும் முன்னால் நுழைந்தாள். கப்பலால் வந்தவர்கள் காரை மெதுவாக்கிப் படமெடுத்தார்கள். தாதி எல்லாரையும் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு விதிப்படி கடைசியாக வந்தாள்.

காருக்குள் இருந்த அக்கா கண்ணாடியை இறக்கினார்.

“மூண்டு சுத்துக் காணும். ஸ்காபரோவுக்கு நாலு மணித்தியாலம் ஓடவேணும், வாங்கோ!”